சரஸ்வதியின் காலடியில் ஒரு முகவரி

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம், துடைப்பதற்காக இறக்கிய சரஸ்வதி படத்தைச் சித்தப்பா கைநழுவ விட்டார். நல்லவேளை, கண்ணாடி மட்டும்தான் போனது. ஆச்சி திட்டி ஓய்ந்த பிறகு சட்டத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, படத்தின் மேல் கிடந்த சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். இத்தனை வருடம் அடிக்கட்டைக்குள் மறைந்துகிடந்த வெள்ளை ஓரம் அப்போதுதான் கண்ணில் பட்டது. எறும்பு வரிசை போல ஆங்கிலத்தில் ஒரு வரி: ரவி வர்மா பிரஸ், கார்லா–லோனாவ்லா.

நாகர்கோவில் வீட்டுச் சரஸ்வதிக்கு லோனாவ்லாவில் என்ன சோலி?

ஆச்சியைக் கேட்டேன். “அது ராசா வரைஞ்ச படம்லா. நம்ம மகாராசா குடும்பத்து ஆளு” என்றாள். எங்கள் நாஞ்சில் நாடு முதலில் திருவிதாங்கூரையும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சியையும் சேர்ந்த மண். எண்பத்தாறு வயது ஆச்சிக்கு இன்றைக்கும் ராசா என்றால் திருவனந்தபுரத்து ராசாதான். படம் அவளுடைய மாமியார் காலத்தில் வாங்கியது. லோனாவ்லா என்ற ஊரை அவள் கேள்விப்பட்டதே இல்லை. நானும் கேள்விப்பட்டிருந்தது அங்கே கிடைக்கும் கடலைமிட்டாயைப் பற்றித்தான்.

படத்தைத் துணியில் சுற்றி பீரோவில் வைத்தேன். புதுச் சட்டம் போட ஒரு வாரம் ஆகும் என்று சொல்லியிருந்தேன். ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்த ஒற்றை வரியைப் பிடித்துக்கொண்டு, லீவு கிடைத்தபோதெல்லாம் ஊர் ஊராகப் போய்வந்தேன். கிளிமானூர், திருவனந்தபுரம், மைசூர், பரோடா, கடைசியாக மளவ்லி. “சாமிய பீரோல பூட்டிட்டு நீ ஊரு சுத்து” என்று ஒவ்வொரு தடவையும் ஆச்சி வாசல்வரை வந்து வழியனுப்பினாள்.

பிரான்ஸில் மோனே ரசிகர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஜிவெர்னி என்ற ஒரே ஊருக்குப் போனால் போதும். மனிதர் 43 வருடம் குடியிருந்த வீடு, அவரே வெட்டிய குளம், குளத்தில் அல்லி. எல்லாம் ஒரே டிக்கெட்டில் முடிந்துவிடும். ரவி வர்மா விஷயம் அப்படியில்லை. பாதி ஆயுள் பயணத்தில் கழிந்த ஓவியர் அவர். பெரிய படங்களில் பலவும் யாரோ ஒரு மகாராஜாவின் விருந்தாளியாக, யாரோ ஒருவரின் கூடத்தில் நின்று வரைந்தவை. அவர் எங்கே இருந்தார் என்று தேடிப் போகிறவர் ரயில்வே அட்டவணையைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

கொட்டாரம்

திருவனந்தபுரத்திலிருந்து எம்.சி. ரோட்டில் வடக்கே ஏறத்தாழ 40 கி.மீ. போனால் கிளிமானூர். ரப்பர் தோட்டம், ஒரு வளைவு, மறுபடியும் ரப்பர். கண்டக்டரிடம் “கொட்டாரம்” என்று சொன்னால் போதும். எங்கள் ஊரிலும் அரண்மனைக்கு அதே சொல்தான் என்பதால் எனக்கு நாக்கு தடுமாறவில்லை.

அரண்மனை என்றதும் தங்கக் கோபுரத்தை எதிர்பார்த்துப் போகக் கூடாது. ஆறு ஹெக்டேருக்கு மேல் பரந்த வளாகம். ஓட்டுக்கூரை போட்ட நாலுகெட்டு வீடுகள், இரண்டு குளம், கிணறுகள், காவு எனும் சாமித் தோப்பு. தறவாட்டு வீடு ஒன்று கிளை கிளையாகப் பெருகி ஒரு சிறு கிராமமாகிவிட்டது போலத் தெரிகிறது. ஆங்கிலேயரை எதிர்த்த தளவாய் வேலுத்தம்பி 1809-இல் கடைசி ஓட்டத்துக்கு முன் தன் வாளை ஒப்படைத்துப் போனது இந்த வீட்டில்தான். ஒன்றரை நூற்றாண்டு பத்திரமாக வைத்திருந்து, 1957-இல் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத்திடம் அதைக் கொடுத்தார்கள்.

1848 ஏப்ரல் 29-இல் ரவி வர்மா இங்கே பிறந்தார். அம்மா உமாயம்பா தம்புராட்டி கவிதை எழுதுகிறவர். தாய்மாமன் ராஜ ராஜ வர்மா படம் வரைகிறவர். தஞ்சாவூர் பாணி தெரிந்தவர். பையன் சுவரெல்லாம் கரிக்கட்டையால் கிறுக்கிவைக்க, வேலைக்காரர்கள் புகார் சொல்ல, மாமன் வந்து பார்த்துவிட்டு அடிக்காமல் பாடம் சொல்லித் தர உட்கார்ந்தார் என்பது ஊரில் சொல்லும் கதை. பெரிய ஓவியர் எல்லாருக்கும் இப்படி ஒரு சுவர்க் கதை இருக்கும். இதில் எனக்குப் பிடித்தது அந்த மாமன்தான். வரைகிற மனிதர் வீட்டில் இருந்ததால் கிறுக்கலை அடையாளம் காண ஓர் ஆள் இருந்தார். அந்த வீட்டிலிருந்து ரவி வர்மா மட்டும் வரவில்லை, தம்பி சி. ராஜ ராஜ வர்மாவும் தங்கை மங்களாபாயும் ஓவியர்களே.

ஆச்சி சொன்ன ‘ராசா’ பற்றி ஒரு திருத்தம். ரவி வர்மா எந்த நாட்டையும் ஆண்டவரில்லை. கிளிமானூர் கோயில் தம்புரான்கள், திருவிதாங்கூர் ராணிகளுக்கு மாப்பிள்ளை கொடுக்கும் குடும்பத்தார். 1904-இல் பிரிட்டிஷ் அரசு கெய்சர்-இ-ஹிந்த் பதக்கம் கொடுத்தபோது ‘ராஜா ரவி வர்மா’ என்று எழுதிவிட்டது. அது நிலைத்தும்விட்டது. சித்தப்பாவிடம் இதைச் சொன்னபோது, “வரைஞ்சு ராஜாவானவன் அவன் ஒருத்தன்தானேடா” என்றார்.

அவர் வரைந்த சித்திரசாலை இன்னும் நிற்கிறது. அசல் ஓவியங்களை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு அங்கே வேலையில்லை. அவை எப்போதோ திருவனந்தபுரம் போய்ச் சேர்ந்துவிட்டன. நான் வாசலில் நின்று வெளிச்சத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மரங்களுக்கு இடையே வடிகட்டி வரும் பச்சை கலந்த வெளிச்சம். கேரளத்து வீடு வெயிலைத் தள்ளி நிறுத்தக் கட்டிய வீடு. தாழ்வான கூரை, ஆழமான திண்ணை. முகத்தில் ஒரு பக்கம் ஒளியும் மறுபக்கம் மெல்லிய இருளுமாக அவருடைய பெண்கள் ஏன் எப்போதும் தூணோரம் நிற்கிறார்கள் என்பது இந்தத் திண்ணையில் கால்மணி நேரம் உட்கார்ந்தால் விளங்கிவிடும்.

நாடெங்கிலும் இருந்து அவருக்கு வந்து குவிந்த கடிதங்களுக்காகவே கிளிமானூரில் தபால் ஆபீஸ் திறந்தார்கள் என்றும் சொல்வதுண்டு. ஓவியனால் ஓர் ஊருக்கு பின்கோடு வந்த கதை வேறெங்காவது இருக்கிறதா, தெரியவில்லை.

கதவைச் சாத்திக்கொண்டவர்

1862-இல், 14 வயதில், மாமன் பையனைத் திருவிதாங்கூர் மகாராஜா ஆயில்யம் திருநாளிடம் கூட்டிக்கொண்டு போனார். கலையில் பிரியமுள்ள ராஜா. பையனை அரண்மனையோடு வைத்துக்கொண்டார். சாயம், தூரிகை, ஐரோப்பியப் படப் புத்தகங்கள் எல்லாம் கிடைத்தன. ஆசிரியர் மட்டும் கிடைக்கவில்லை.

எண்ணெய்ச் சாயத்தில் வரையத் தெரிந்தவர் அன்றைக்கு அரண்மனையில் ஒருவர் இருந்தார்: மதுரைப் பக்கத்து ராமசாமி நாயக்கர். சொல்லித்தர மாட்டேன் என்றுவிட்டார். கல்யாண வீட்டுத் தவசிப்பிள்ளை மசாலா கூட்டும்போது கதவைச் சாத்திக்கொள்வதில்லையா, அதே கணக்கு. ஏனென்றால் எண்ணெய்ச் சாயத்தின் சூட்சுமமே கூட்டுவதில்தான் இருக்கிறது. நம் தஞ்சாவூர் ஓவியத்தில் சாயத்தைப் பசையில் குழைப்பார்கள், சீக்கிரம் காய்ந்துவிடும். ஆளிவிதை எண்ணெயில் குழைத்த சாயம் காய நாள்கணக்காகும். அதற்குள் ஒரு நிறத்தை இன்னொன்றில் இழைத்துவிடலாம், கன்னத்தின் வளைவைத் தூரிகையாலேயே உருட்டிவிடலாம். எவ்வளவு எண்ணெய், அடிப்பூச்சு எத்தனை மெல்லிசு, அடுத்த பூச்சுக்கு எத்தனை நாள் காத்திருப்பது? இதையெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தால் ஒழிய வராது.

நாயக்கரின் சீடர் ஆறுமுகம் பிள்ளை ராத்திரியில் ரகசியமாக வந்து சிலவற்றைச் சொல்லிக்கொடுத்தார் என்று ஒரு பேச்சு உண்டு. 1868-இல் தியோடர் யென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் மகாராஜாவை வரைய வந்தார். அவரும் பாடம் நடத்தச் சம்மதிக்கவில்லை. வேலை செய்யும்போது பார்த்துக்கொள்ள மட்டும் விட்டார். இருபது வயதுப் பையன் பார்த்தான். பார்த்தே கற்றுக்கொண்டான். ஐந்தே வருடத்தில், 1873-இல், சென்னைக் கண்காட்சியில் கவர்னரின் தங்கப் பதக்கம் வாங்கினான். தலையில் மல்லிகைச் சரம் வைத்துக்கொள்ளும் நாயர் பெண் ஓவியம் அது. அதே வருடம் வியன்னாவிலும் பரிசு பெற்றது.

நாயக்கரைத் திட்டுவது சுலபம். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. பையன் யார்? மகாராஜாவுக்கு உறவாகப்போகிற வீட்டுப் பிள்ளை. நாயக்கர் தூரிகையை நம்பிச் சோறு தின்கிறவர். இருந்த ஒரே சொத்து அந்தக் கைப்பக்குவம்தான்.

திருவனந்தபுரத்தில் ரவி வர்மாவைப் பார்க்க வேண்டிய இடம் அருங்காட்சியக வளாகம். 1935-இல் தொடங்கிய ஸ்ரீசித்ரா ஓவியக் கூடம் அங்கேதான் இருக்கிறது. 2023-இல் ரவி வர்மாவுக்கென்றே தனிக் கூடமும் திறந்திருக்கிறார்கள். ஸ்ரீசித்ரா என்ற பெயர் கடைசி மகாராஜா சித்திரைத் திருநாளுடையது. 1900-இல் ரவி வர்மாவின் பேத்திகள் இருவரைத் திருவிதாங்கூர் அரண்மனை தத்தெடுத்துக்கொண்டது. அவர்களில் இளையவரான சேது பார்வதி பாயின் மகன்தான் சித்திரைத் திருநாள். அதாவது, கொள்ளுத்தாத்தாவின் ஓவியங்கள் கொள்ளுப்பேரன் பெயரிலுள்ள கட்டடத்துக்கு வந்து சேர்ந்தன.

அன்னத்தோடு பேசும் தமயந்திக்கு முன்னால் நான் நெடுநேரம் நின்றேன். 1899-இல் வரைந்தது. சிவப்புப் புடவை, அகலமான ஜரிகைக் கரை. பத்தடி தள்ளி நின்றால் ஜரிகை மின்னுகிறது. ஆச்சியின் கூறைப்புடவையில் பார்த்த அதே மங்கிய மின்னல். நெருங்கிப் போனேன். காவலர் கனைக்கும் தூரம்வரை போனேன். அங்கே ஜரிகையைக் காணோம். மஞ்சள், பழுப்பு, கொஞ்சம் வெள்ளை, அவசரமாகத் தீற்றியது போலக் குட்டிக் குட்டிக் கீற்றுகள். அவ்வளவுதான். தஞ்சாவூர் ஓவியர் தங்கம் வேண்டுமென்றால் தங்க ரேக்கையே எடுத்து ஒட்டுவார். இவர் ஒரு குன்றிமணித் தங்கம்கூடச் செலவழிக்காமல் வெறும் மஞ்சளை வைத்தே தங்கம் காட்டுகிறார். நாயக்கர் கதவைச் சாத்திக் காத்த ரகசியம் இதுதான் போலிருக்கிறது.

முள் எடுக்கும் சாக்கில் திரும்பிப் பார்க்கும் சகுந்தலை இங்கே இருக்கிறாள். அந்த ஒற்றைத் திரும்பலில் பிழைத்த தமிழ்ப் பட நாயகிகளை எண்ணி மாளாது.

இரண்டு பேர்

சென்னையில் நிற்க எனக்கு நேரமில்லை, எழும்பூர் அருங்காட்சியகத்தின் தொகுப்பிலும் அவருடைய ஓவியங்கள் உண்டு என்றாலும். ஆனால் இந்தக் கதையில் சென்னைக்கு ஒரு முக்கியமான பங்கு இருக்கிறது. தாமரை இலையில் கடிதம் எழுதும் சகுந்தலையை 1876-இல் கவர்னர் பக்கிங்ஹாம் பிரபு விலைக்கு வாங்கினார்; அதற்குப் பிறகுதான் வெளியூர் ராஜாக்கள் வரிசைகட்டினார்கள். அச்சுப்போடும் யோசனையை எழுதியவரும் நம் ஆள்தான். கும்பகோணத்துக்காரர், திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக இருந்த சர் டி. மாதவராவ். உங்களிடம் ஓவியம் கேட்கிறவர்கள் அதிகம், இருப்பதோ இரண்டு கை; சிலவற்றை ஐரோப்பாவுக்கு அனுப்பி வண்ணப் பிரதி எடுக்கச் செய்யுங்கள் என்ற பொருளில் கடிதம் போட்டார்.

அந்தக் காலப் பயணத்தை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. கொல்லத்துக்கு ரயில் வந்தது 1904-இல், திருவனந்தபுரத்துக்கு 1918-இல். அதுவரை கிளிமானூரிலிருந்து கிளம்புகிறவர் மலையைத் தாண்டித் திருநெல்வேலிக்கு வர வேண்டும், அல்லது காயலில் படகேறி வடக்கே போய் ரயிலைப் பிடிக்க வேண்டும். பரோடா மகாராஜா சாயாஜிராவ் 1888-இல் பதினான்கு புராண ஓவியங்களுக்குச் சொல்லிவிட, சீதைக்கும் தமயந்திக்கும் என்ன உடை உடுத்துவது என்று தேடி அண்ணனும் தம்பியுமாக வட இந்தியாவைச் சுற்றினார்கள். எந்தப் பழைய சிற்பத்திலும் பொதுவான விடை கிடைக்கவில்லை. கடைசியில் ரவி வர்மா புடவைக்கு வந்து நின்றார். இன்றைக்குப் படங்களில் நம் பெண் தெய்வங்கள் கட்டியிருக்கும் அந்தப் புடவைக்கு வயது சுமார் 135 வருடம்தான்.

அந்தத் தம்பிதான் நான் கண்டுகொண்ட புதிய மனிதர். சி. ராஜ ராஜ வர்மா நாட்குறிப்பு எழுதுகிறவர். எந்த ஊரில் யாரைப் பார்த்தார்கள், எந்தப் படம் எதுவரை வந்தது என்று அண்ணனின் கடைசிப் பத்தாண்டுகளைப் பற்றி நமக்குத் தெரிவதெல்லாம் பெரும்பாலும் அவர் கையெழுத்தில். இயற்கைக் காட்சி வரைவதில் கெட்டிக்காரர். பல ஓவியங்களில் முன்னால் நிற்கும் மனிதர் அண்ணனுடையவர், பின்னாலிருக்கும் ஆறும் மலையும் தம்பியுடையவை. கீழே கையெழுத்து ஒன்றுதான்.

மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் இதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தேன். நால்வடி கிருஷ்ணராஜ உடையார் சொல்லி 1904 முதல் வரைந்த ஒன்பது ஓவியங்கள் அவர்களுடைய கடைசிப் பெரிய வேலை. 1905 தொடக்கத்தில் தம்பி இறந்தார். அண்ணன் தனியாக வேலையை முடித்தார். 1906 அக்டோபர் 2-இல் கிளிமானூரில் அவரும் போய்விட்டார். அந்த வரிசையில் நின்றுகொண்டு எந்த மேகம் தம்பியுடையது, எதிலிருந்து தம்பி இல்லை என்று தேடினேன். கண்டுபிடிக்க முடியவில்லை. நான் ஓவியம் படித்தவனில்லை.

பதினொரு பெண்கள் கூடி உட்கார்ந்திருக்கும் ‘இசைக்கலைஞர்கள்’ ஓவியமும் மைசூருக்காக வரைந்ததே. வீணையோடு மலையாளப் பெண், பார்சிப் பெண், இஸ்லாமியப் பெண், ஐரோப்பிய உடையில் ஒருத்தி என்று பாதி இந்தியா ஒரே கூடத்தில். பொண்ணு பார்க்க வந்த வீட்டில் உட்கார்ந்திருப்பது போல ஒருவரையொருவர் பார்க்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு இது அவருடைய ஆகச் சிறந்த படம் என்று தோன்றவில்லை. ஆனால் அவர் ரயில் ரயிலாக ஏறிப் பார்த்த தேசத்தை ஒரே துணியில் சுருட்டிக் கட்டிய மூட்டை அது.

அதே அரண்மனையில் கூட்டம் மொய்ப்பது வேறோர் ஓவியத்தின் முன்னால். கையில் விளக்கு, விரலிடுக்கில் சிவப்பாகக் கசியும் வெளிச்சம். எனக்குப் பக்கத்தில் நின்ற குடும்பத் தலைவர் பிள்ளைகளிடம், “ரவி வர்மா என்னமா வரைஞ்சிருக்கான் பாரு” என்றார். அது ரவி வர்மா வரைந்ததில்லை. மகாராஷ்டிரத்து ஓவியர் ஹல்தங்கர், தன் மகளை நிற்கவைத்து நீர்வண்ணத்தில் வரைந்தது. சொல்லலாமா என்று வாயெடுத்தேன். அவர் முகத்திலிருந்த பெருமையைப் பார்த்துப் பேசாமல் நகர்ந்துவிட்டேன்.

பரோடாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லட்சுமி விலாஸ் அரண்மனை பிரமாண்டம். வளாகத்திலேயே மகாராஜா ஃபத்தேசிங் அருங்காட்சியகம். ரவி வர்மாவின் ஓவியங்கள் ஒரே இடத்தில் இவ்வளவு சேர்ந்திருப்பது அபூர்வம். பூமி பிளந்து சீதை உள்ளே போகும் ஓவியம் பார்க்க வேண்டியது. எல்லாம் சரி. ஆனால் அந்த உயர்ந்த சுவர்களில், தங்க முலாம் பூசிய சட்டங்களுக்குள், அவை என்னைப் பார்த்து ‘நீ யார்?’ என்று கேட்பது போலிருந்தது. ஆச்சி வீட்டுச் சரஸ்வதி ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை.

கல்லில் வரைந்த சாமி

புனேயிலிருந்து லோனாவ்லா போகும் லோக்கல் ரயிலில், லோனாவ்லாவுக்கு முந்தின நிலையம் மளவ்லி. நான் இறங்கிய ரயிலில் என்னோடு இறங்கியவர்கள் பத்துப் பேர் இருப்பார்கள். அத்தனை பேர் முதுகிலும் பை. ஒரு பக்கம் பாஜா குகைகள், மறுபக்கம் கார்லா குகைகள், சுற்றிலும் கோட்டைகள். வெளியூர்க்காரர் என்றாலே மலையேற வந்தவர் என்று ஊர் முடிவுகட்டி வைத்திருக்கிறது. டீக்கடையில் எனக்குத் தெரிந்த உடைந்த இந்தியில் ரவி வர்மா அச்சகம் எங்கே என்று விசாரித்தேன். கடைக்காரர் யோசித்துவிட்டு, ஏக்வீரா தேவி கோயிலுக்குப் போகிற வழியைக் காட்டினார். சாமி படம் என்று நான் சொன்னதை அவர் அப்படிப் புரிந்துகொண்டார்.

ரவி வர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். இயந்திரமும் தொழில்நுட்பர்களும் ஜெர்மனியிலிருந்து வந்தார்கள். முதலில் அச்சானது சகுந்தலையின் பிறப்பு. 1896-இல் பம்பாயில் பிளேக் பரவி ஊரே காலியானது. 1899-இல் அச்சகத்தை இந்த மலையடிவாரத்துக்குக் கொண்டுவந்தார்கள். கடன் கழுத்தை நெரித்தது. புது நூற்றாண்டு பிறந்த சில வருடங்களுக்குள் அச்சகத்தை ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மன்காரருக்கு, அவர்களிடமே வேலைபார்த்தவருக்கு, விற்றுவிட்டார்கள்.

இந்த இடத்தில் என் கணக்கு உதைத்தது. ஆச்சியின் மாமியார் படம் வாங்கியது 1930-களில். அப்போது ரவி வர்மா போய்ச் சேர்ந்து கால் நூற்றாண்டு. அச்சகம் கைமாறி அதற்கும் மேல். நம் பாட்டிமார் கும்பிட்ட ‘ரவி வர்மா படங்கள்’ பெரும்பாலானவை ஷ்லைஷரின் வியாபாரம். கடவுள்களோடு சோப்பு விளம்பரக் காலண்டரும் அங்கே அச்சானது. ராஜாவின் பெயருக்கு விலை உண்டு என்று தெரிந்த வியாபாரி அந்தப் பெயரை மாற்றவில்லை. இதைக் கேட்டு நான் வருத்தப்பட்டேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் எனக்குச் சிரிப்புதான் வந்தது.

வேலை என்னவோ லேசானதில்லை. கல்லச்சு. ஜெர்மனியின் பவேரியாவில் வெட்டியெடுத்த வழவழப்பான சுண்ணாம்புக்கல். அதில் எண்ணெய்ப் பசையுள்ள மையால் படத்தை இடவலம் மாற்றி வரைய வேண்டும். கல்லை ஈரப்படுத்தி மை உருட்டினால், வரைந்த இடத்தில் மட்டும் மை ஒட்டும். ஈரமான இடம் தள்ளிவிடும். ஒரு நிறத்துக்கு ஒரு கல். மஞ்சள் கல், சிவப்புக் கல், நீலக் கல், சதை நிறத்துக்கே தனித்தனியாகச் சில கற்கள். ஒரே தாள் ஒவ்வொரு கல்லாக ஏறி இறங்கும். ஒரு மயிரிழை பிசகினால் சரஸ்வதிக்கு உதடு இரண்டாகிவிடும். கடைசியில் எண்ணெய் ஓவியம் போலத் தெரிய வார்னிஷ். ஆச்சி வீட்டுப் படத்தின் கன்னத்தை லென்ஸ் வைத்துப் பார்த்திருக்கிறேன். மணல் தூவினது போலப் புள்ளிகள். ரோஜா, மஞ்சள், ஆச்சரியமாகக் கொஞ்சம் நீலம். அந்தப் புள்ளிகள் ஒவ்வொன்றையும் பெயர் தெரியாத ஒரு கை கல்லில் வைத்திருக்கிறது. அந்தப் புள்ளிகளில்தான் தனக்குத் ‘தரிசனம்’ கிடைத்தது என்று யாரும் அந்தக் கைக்காரரிடம் சொன்னதில்லை.

இந்திய சினிமாவின் தந்தை என்று நாம் சொல்லும் தாதாசாகேப் பால்கே சிலகாலம் இந்த அச்சகத்தோடு வேலை செய்தவர். 1913-இல் அவர் எடுத்த படத்தில் ராஜாக்களும் ராணிகளும் எப்படி நின்றார்கள், எதைக் கட்டினார்கள் என்பதை ஊகிக்கச் சிரமமில்லை.

படித்தவர்களுக்கு இந்தப் படங்கள் பிடிக்கவில்லை. சகுந்தலை தரையில் குப்புறப் படுத்துக் கடிதம் எழுதுகிறாளே என்று சகோதரி நிவேதிதை முகம் சுளித்தார். கொழும்பில் தமிழ்த் தந்தைக்குப் பிறந்த ஆனந்த குமாரசாமி, இந்தியக் கலைக்கு இது அந்நியம், நாடகத்தனம் என்று ஒதுக்கினார். குமாரசாமி சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. சில படங்கள் மேடையில் திரைச்சீலைக்கு முன் நிற்பவைதான். ஆனால் அவர் எட்டிப் பார்க்காத ஒரு வீடு இருக்கிறது. திருவிதாங்கூரில் 1936-இல் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வரும்வரை, கோயில் மதிலுக்கு வெளியே நிற்க வேண்டியவர்கள் எத்தனை லட்சம் பேர்? கருவறையை ஒருநாளும் கண்டிராத ஒரு குடும்பம், சந்தையில் சில அணாவுக்கு லட்சுமியை வாங்கிச் சுவரில் மாட்டி, கண்ணுக்கு நேராகப் பார்த்தது. அந்தப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர் சித்திரைத் திருநாள். ஓவியரின் கொள்ளுப்பேரன். கோயில் கதவு திறப்பதற்கு 40 வருடம் முன்பே சாமி சந்தைக்கு வந்தாயிற்று.

வாங்கியவர்கள் சும்மா இருக்கவில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் பாருங்கள். அச்சடித்த லட்சுமியின் புடவைமேல் நிஜத் துணியை வெட்டி ஒட்டி, ஜரிகை தைத்து, சமிக்கி பதித்து, கழுத்தில் முத்து கோத்திருப்பார்கள். வெறும் மஞ்சளை வைத்துத் தங்கம் காட்டியவரின் படத்தில், செட்டிநாட்டு ஆச்சிகள் நிஜ ஜரிகையைக் கொண்டுவந்து தைத்துவிட்டார்கள். நாயக்கர் இதைப் பார்த்திருந்தால் சிரித்திருப்பார். பிற்பாடு கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்து, சிவகாசியில் அச்சாகி வந்த காலண்டர் சாமிகள் இந்த வழியில் வந்தவர்களே.

மளவ்லி அச்சகம் 1972-இல் தீயில் அழிந்தது. ரவி வர்மாவின் ஓவியங்களை 1979-இல் அரசு தேசியக் கலைச் செல்வமாக அறிவித்தது. அசல் எதுவும் நாட்டைவிட்டு வெளியே போகக் கூடாது. கல்லுக்கும் தாளுக்கும் அந்தப் பாதுகாப்பு வரும் முன்பே கதை முடிந்துவிட்டது.

பார்க்க ஒன்றுமில்லாமல் திரும்ப மனமில்லை. டீக்கடைக்காரர் காட்டிய வழியிலேயே போய்க் கார்லா குகைக்கு ஏறினேன். ஏக்வீரா கோயில் வாசலில் பூக்கூடைகள், கூட்டம். தாண்டினால் மலையைக் குடைந்த பௌத்த மண்டபம். உள்ளே வரிசையாகத் தூண்கள். இரண்டாயிரம் வருடப் பழைய பிராமி எழுத்து. வழிகாட்டி ஒருவர் யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்ததை ஒட்டுக்கேட்டேன். இந்தத் தூண் தேனுகாகடத்துக்காரர் இன்னார் கொடுத்தது, அந்தத் தூணும் அதே ஊரைச் சேர்ந்த இன்னொருவர் கொடுத்தது. செதுக்கியவன் பெயரைக் காணோம். காசு கொடுத்தவன் பெயரும் ஊரும் இருக்கின்றன.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாகப் படத்தை எடுத்துக்கொண்டு வடசேரியில் சட்டம் போடும் கடைக்குப் போனேன். கடைப் பையன் டேப்பை வைத்து அளந்தான். “அண்ணே, ரெடிமேட் சைஸுக்கு அரை இஞ்சு கூடுது. கீழ வெள்ளையாத்தான கெடக்கு, நறுக்கிரட்டா?” பிளேடு அந்த எறும்பு வரிசைக்கு மேலே நின்றது. வேண்டாம் என்றேன். தனி அளவில் போட நூற்றைம்பது ரூபாய் கூடுதல் கேட்டான். கொடுத்தேன்.

ஆச்சி கண்ணாடிக்குள் குனிந்து பார்த்தாள். “இது என்னடே, கீழ என்னமோ எழுதியிருக்கு?” என்றாள். முகவரி, ஆச்சி, என்றேன். “யாருக்க முகவரி? சரஸ்வதிக்கா?”

மறுநாள் காலை குளித்து ஈரத்தலையோடு வந்தாள். கண்ணாடியின் மேல், சரஸ்வதியின் பாதத்துக்கு நேர் கீழே, எப்போதும் வைக்கிற இடத்தில் சந்தனம் வைத்தாள். அதன்மேல் குங்குமம். லோனாவ்லா மறைந்தது. கார்லாவில் பாதி தெரிந்தது.